மத்தேரா: குகையும் முற்றமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் தெற்கு இத்தாலியின் மத்தேராவில் இரண்டு நாட்கள் தங்கியிருந்தேன். குடைவரைத் தேவாலயங்களின் சுவரோவியங்கள் எந்தக் காலத்தவை? வரைந்தவர்கள் கிரேக்கத் துறவிகளா? இயற்கையோடு இயைந்து குகைகளில் நிறைவாக வாழ்ந்த எளிய மக்களை 1950களில் அரசு வெளியேற்றியதை அறிந்து வருந்தினேன். உணவு சுமார்தான். புகழ்பெற்ற ரொட்டியின் மேலோடு கல்லாக இருந்தது.

க.

அன்புள்ள க.,

பல ஆண்டுகளுக்கு முன் மத்தேராவில் எடுத்த புகைப்படம் ஒன்று, ரொட்டி முத்திரையின் படம், இந்த வாரம்தான் பழைய பெட்டியிலிருந்து கிடைத்தது. அதை மேசைமேல் வைத்திருந்தபோது உங்கள் கடிதம் வந்தது.

ஓவியங்கள் ஒரே காலத்தவை அல்ல. ஊருக்கு வெளியே உள்ள ஆதிபாவக் குகையில் இருப்பவை 8, 9ஆம் நூற்றாண்டுகளுக்குரியவை, லத்தீன் மரபைச் சேர்ந்த பெனடிக்ட் துறவிகளோடு தொடர்புடையவை. ஊருக்குள் சாந்தா லூச்சியா அல்லே மால்வே என்ற தேவாலயத்தில் இருப்பவற்றில் முக்கியமானவை 13ஆம் நூற்றாண்டுக்குரியவை. கிரேக்க மரபும் லத்தீன் மரபும் அங்கே கலந்தே இருக்கின்றன.

ஆனால் 'இயற்கையோடு இயைந்து', 'நிறைவாக' என்ற சொற்களை எப்படி எழுதினீர்கள்? சாஸ்ஸி எனப்படும் அந்தப் பாறைக் குடியிருப்பு தொடக்கத்தில் அறிவார்ந்த ஓர் ஏற்பாடு. மென்மையான சுண்ணப்பாறையைக் குடைந்து, மழைநீரைக் கால்வாய்களில் இறக்கி, தொட்டிகளில் சேமித்து வாழ்ந்தார்கள். ஊரின் இன்றைய மையச் சதுக்கத்தின் அடியிலிருக்கும் பலொம்பாரோ லுங்கோ என்ற தொட்டி மட்டுமே ஏறத்தாழ 50 லட்சம் லிட்டர் கொள்ளும். பிறகு மக்கள்தொகை பெருகியது, நிலம் சிலர் கையில் இருந்தது, கூலிவிவசாயிக்கு வேறு இடமில்லை. தண்ணீர் தேக்கிய தொட்டியும் ஆடு கட்டிய தொழுவமும் கைவிடப்பட்ட தேவாலயமும் வீடுகளாயின. நீங்கள் நிறைவு என்று கண்டது, குடிநீர்த் தொட்டிக்குள் குடும்பம் நடத்த நேர்ந்த கதி. ஒரே அறையில் பெற்றோரும் பிள்ளைகளும், உட்புறம் கோவேறு கழுதையும், கட்டிலுக்கடியில் கோழிகளும் இருந்தன. மலேரியா இருந்தது, குழந்தைகள் ஏராளமாக இறந்தன. 1952இல் சட்டம் இயற்றி ஏறத்தாழ 15,000 பேரைப் புதிய குடியிருப்புகளுக்கு மாற்றினார்கள். அதற்கா வருந்துகிறீர்கள்? விடுமுறைக்குச் சென்றவர், விளக்கொளியில் அழகாகத் தெரியும் குகை விடுதியில் படுத்துக்கொண்டு, அதே குகையில் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் வாழ்வை 'எளிமை' என்று சொல்லக்கூடாது. உங்களிடம் இரக்கம் இருக்கிறது என்பதை அறிவேன், அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

அந்த மேலோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடினக் கோதுமையின் ரவையை மறுபடி அரைத்த மாவில் செய்யும் ரொட்டி அது. வீட்டில் பிசைந்த மாவைப் பொது அடுப்புக்குக் கொடுத்தனுப்புவார்கள், அந்த ரொட்டி பல நாட்களுக்கு வர வேண்டும். தடித்த மேலோடுதான் உள்ளிருக்கும் ஈரத்தைக் காத்தது. காய்ந்த பிறகும் எறியமாட்டார்கள், நீரில் நனைத்துத் தக்காளியும் எண்ணெயும் சேர்த்துச் சாலெத்தா என்று உண்பார்கள். ஒரே அடுப்பில் பல வீட்டு ரொட்டிகள் வேகும் என்பதால், குடும்பத்தலைவரின் பெயரெழுத்து செதுக்கிய மரமுத்திரையை மாவில் அழுத்தினார்கள். என் படத்தில் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. பிடியில் சேவல் உருவம், அடியில் இரண்டு எழுத்துகள். எழுதப்படிக்கத் தெரியாத எத்தனையோ பேருக்கு அந்த எழுத்துகள்தான் தங்கள் பெயரின் வடிவமாக இருந்திருக்கும்.

அதை எனக்குக் காட்டிய முதியவர் குகையில் பிறந்தவர். பழைய வாழ்வை நினைத்து ஏங்குவதுண்டா என்று நானும் உங்களைப்போல அசட்டுத்தனமாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. குகையை அல்ல, விசினாத்தோவை நினைப்பேன் என்றார். பல குகைவீடுகள் ஒரே முற்றத்தை நோக்கித் திறந்திருக்கும் அமைப்புக்கு அந்தப் பெயர். லா மார்தெல்லா என்ற புதிய கிராமத்தைக் கட்டியபோது கட்டடக் கலைஞர் லுதொவீகோ குவாரோனியும் குழுவினரும் அந்த அண்டைவாழ்வை மீண்டும் உருவாக்க முயன்றார்கள். வீடுகள் நன்றாக அமைந்தன, முற்றம் அமையவில்லை என்றார் முதியவர்.

மறுமுறை செல்வதானால் ஆகஸ்ட் 1 அன்று அங்கே இருங்கள். அறுவடை முடிந்த அந்நாளில் க்ராப்பியாத்தா சமைப்பார்கள். முன்பு முற்றத்தில் ஒரு பெரிய பானையை ஏற்றி, ஒரு வீட்டிலிருந்து கோதுமை, ஒரு வீட்டிலிருந்து கொண்டைக்கடலை, இன்னொரு வீட்டிலிருந்து பயறு என்று கைப்பிடி கைப்பிடியாகப் போட்டு வேகவைத்தார்கள். அந்த முதியவரின் தாய் போட்டது எப்போதும் கோதுமையாம்.