டப்பாக்களில் ஒட்டிய சீட்டுகள்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போ வட்டாரத்தில் வசிக்கிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் 31 ஆண்டுகள் வேதியியல் கற்பித்து, இணைப் பேராசிரியராக இருந்து, 60 வயதில் ஓய்வு பெற்றேன். இப்போது 16 மாதங்கள் ஆகின்றன. ஓய்வூதியம் வருகிறது, கடன் இல்லை, மகள் மெல்பர்னில் நலமாக இருக்கிறாள். ஆகவே குறை என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

முதல் சில மாதங்கள் நீண்ட விடுமுறை போலக் கழிந்தன. பிறகு ஒரு நாள், பாதியில் நின்ற கட்டுரைக்காகப் பழைய கோப்பு ஒன்றைத் தேடிப் பல்கலைக்கழக மின்னஞ்சலைத் திறந்தபோது கணக்கு மூடப்பட்டிருந்தது. முன்னறிவிப்பு வந்ததோ என்னவோ, நான் பார்க்கவில்லை. துறையின் வாட்சாப் குழுவில் இன்னும் இருக்கிறேன். ஆனால் பிறந்த நாள் வாழ்த்தைத் தவிர எனக்கென்று அதில் எதுவும் வருவதில்லை.

மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். ஓய்வுக்குப் பின் கோவில், தேவார வகுப்பு என்று முன்பைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருக்கிறார். வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நான் சமையலறை அலமாரியை ஒழுங்குபடுத்தி, மல்லித்தூள் முதல் கடுகு வரை எல்லா டப்பாக்களிலும் பெயரும் வாங்கிய தேதியும் எழுதிச் சீட்டு ஒட்டினேன். "இது லேப் இல்லீங்க" என்றதோடு அவர் பேச்சை முடித்துக்கொண்டார். கல்யாண விருந்துகளுக்குப் போவதையும் குறைத்துவிட்டேன். மண்டப இரைச்சலில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வது பிடிபடாமல் வெறுமனே தலையாட்டிக்கொண்டிருப்பது அலுத்துவிட்டது.

மூத்தோருக்கான வகுப்புகள் செர்டாங்கில் நடப்பதாக மனைவி சொல்கிறார். 31 ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் அங்கே போய் மாணவனாக உட்காருவதா? தனியார் கல்லூரி ஒன்றில் பகுதிநேரமாகச் சேரலாமா என்று யோசிக்கிறேன். தங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஜாலான் ஈப்போ வாசகர்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் கடிதத்தில் தாங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கடந்த ஒரு வரியில்தான் என் கண் முதலில் நின்றது. மண்டப இரைச்சலில் பேச்சு பிடிபடவில்லை என்கிறீர்கள். வயதோடு வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உயர்ந்த ஒலிகளிலிருந்தே தொடங்குகிறது. அதனால் பேசுபவரின் குரல் கேட்கும், ஆனால் 'ஸ', 'த' போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிச் சொல் மட்டும் தெளியாது, அதுவும் பின்னணியில் நாதசுரம் ஒலிக்கும்போது சொல்லவே வேண்டாம். புரியாதவர் தலையாட்டுகிறார், தலையாட்டி அலுத்தவர் வீட்டிலேயே தங்கிவிடுகிறார், அதைப் பார்க்கிற உறவினர்கள் "டாக்டருக்குக் கொஞ்சம் கர்வம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என்னிடம் 'தனிமை' என்று சொல்லி வந்தவர்களில் சிலருக்குத் தேவைப்பட்டது காது பரிசோதனைதான். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியா என்னும் மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளைக் குறிப்பிடுகிறது. செவித்திறன் குறைவு, சமூகத் தனிமை இரண்டும் அவற்றில் உள்ளன. அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சென்று வாருங்கள். மற்ற யோசனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். தூக்கமும் பசியும் சில வாரங்களாகக் குறைந்திருந்தால் அதையும் அதே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்றோரை ஆராய்ந்த ராபர்ட் ஆட்ச்லி என்னும் அமெரிக்க அறிஞர், தொடக்கத்தில் தேனிலவு போன்ற ஒரு காலமும் அதன் பின் ஏமாற்றமும் வருவதை 1970களிலேயே எழுதியிருக்கிறார். தாங்கள் அந்த இரண்டாம் கட்டத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. மின்னஞ்சல் கணக்கை மூடியது பல்கலைக்கழகத்துக்கு ஒரு நிர்வாக வேலை. தங்களுக்கோ அது வாசற்கதவு. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் தாங்கள் இழந்தவை இரண்டு என்பதைப் பிரித்துப் பாருங்கள். பதவி ஒன்று. மற்றொன்று, நாள்தோறும் நடைவழியில் எவராவது நிறுத்தி, "சார், ஒரு நிமிஷம்" என்று கேட்டது. பதவிக்கு மாற்று தேடுபவர்கள் பலர். அந்த 'ஒரு நிமிஷ'த்துக்கு மாற்று தேடுபவர்கள் மிகச் சிலர். டப்பாக்களில் சீட்டு ஒட்டியவரும், யாராவது வந்து எதையாவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர்தான் என்று எனக்குப் படுகிறது.

தனியார் கல்லூரியைப் பற்றிக் கேட்டீர்கள். கற்பிக்கும் ஆசைக்காகச் சேர்வதானால் தடை இல்லை. பெயர் அட்டைக்காகச் சேர்வதானால், இதே கடிதத்தை 65 வயதில் மறுபடியும் எழுத வேண்டிவரும். நான் தங்கள் இடத்தில் இருந்தால் முதலில் செர்டாங்குக்குத்தான் போவேன். அந்த மூத்தோர் வகுப்புகளை நடத்தும் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்' என்னும் இந்த இயக்கம் 1973-இல் பிரான்சின் துலூஸ் நகரில், ஒரு பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பிறந்தது, இங்கே புத்ரா மலேசியப் பல்கலைக்கழக (யூ.பி.எம்.) வளாகத்தில் உள்ள முதுமை ஆய்வுக் கழகத்தோடு இணைந்து நடக்கிறது. ஜாலான் ஈப்போ நிலையத்தில் எம்.ஆர்.டி. ரயிலில் ஏறினால் புத்ராஜெயா தடத்திலேயே, வண்டி மாறாமல் யூ.பி.எம். நிலையம் வரை செல்லலாம். போகும்போது வேதியியல் அல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தாங்கள் அறியாத பாடத்தில், தவறு செய்யும் பத்துப் பேரில் ஒருவராக இருக்கும்போதுதான் பக்கத்து நாற்காலிக்காரர் தங்களிடம் இயல்பாகப் பேசுவார். 'டாக்டர்' என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் அவர் எழுந்து நின்று வணக்கம் வைப்பார், அவ்வளவுதான்.

கற்பிக்க வேண்டும் என்ற தவிப்பும் தங்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. அதை அடக்க வேண்டியதில்லை. அம்மையாரின் தேவார வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் படிவம் 4, 5 படிப்பவர்கள் இருக்கக்கூடும். எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வின் வேதியியலில் மோல் கணக்கில் தடுமாறும் நான்கு பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மாலை, குறித்த நேரத்தில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நேரம் குறித்திருப்பது முக்கியம், தாங்கள் வராவிட்டால் "சார் ஏன் வரலை?" என்று நான்கு பேர் கேட்க வேண்டும். இதைத் தொடங்குவதற்கு முன் அம்மையாரிடம் அனுமதி கேளுங்கள், ஏனெனில் அது அவர் பல நாள் உழைத்துக் கட்டிய உலகம். அலமாரியை ஒழுங்குபடுத்தியது போல அங்கும் நுழைந்துவிடக் கூடாது.

காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவில் நடப்பதற்கு நான் காரணம் சொல்லத் தேவையில்லை. வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். முதியோருக்குச் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்தே சொல்கிறது.

துறை நண்பர்கள் அழைக்கவில்லை என்பதைப் புறக்கணிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணியில் இருப்பவருக்கு, ஓய்வு பெற்றவரிடம் எதைப் பேசுவது என்று தெரியாத தயக்கம் உண்டு. குழுவில் பொதுவாக எழுதாமல், ஒரே ஒருவரை, நாளும் கடையும் சொல்லித் தே தாரிக் குடிக்க அழையுங்கள். கடை மட்டும் இரைச்சல் இல்லாததாக இருக்கட்டும். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்