மாடித் தொட்டிக்குள் என்ன போடுவது?

கேள்வி: திருநகரில் குடியிருக்கிறோம். மொட்டை மாடியில் முதல்முறையாகக் கத்திரி, மிளகாய், தக்காளி வைக்க ஆசைப்பட்டு 12 அங்குலப் பை ஆறு வாங்கிவிட்டேன். பைக்கு ஒன்று என்று 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஆறு எடுக்கச் சொல்கிறார் நர்சரிக்காரர். இல்லையென்றால் ரெடிமேட் மண்கலவை மூட்டை, கிலோ கணக்கில் தருகிறேன் என்கிறார். எதை வாங்குவது? அடியில் செங்கல் ஜல்லி போட வேண்டுமா?

பதில்: ஆறு கட்டி வேண்டாம் அம்மா, ஒன்றே போதும். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரமுள்ள பை விளிம்பு வரை 22 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் ஊற்ற மேலே இரண்டு அங்குலம் விட்டால் 18 லிட்டர் சொச்சம். ஆறு பைக்கும் சேர்த்து 110 லிட்டர். அதில் கோகோபீட் மூன்றில் ஒரு பங்குதான், அதாவது 37 லிட்டர். ஒரு கட்டியை ஊறவைத்தாலே 60 லிட்டருக்குமேல் பொங்கி வரும். கோகோபீட் ஈரத்தைப் பிடித்து வைக்குமே தவிர, அதில் சத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பை முழுக்க அதையே நிரப்பினால் செடி வெளிறிப்போகும்.

ரெடிமேட் கலவையைக் கிலோ கணக்கில் வாங்காதீர்கள். ஈரமான மூட்டையில் நீங்கள் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் லிட்டர் அளவும், உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதும் அச்சடித்த மூட்டையாகப் பார்த்து எடுங்கள்.

மற்ற இரண்டு பங்கு: செம்மண் ஒன்று, மண்புழு உரமோ நன்றாக மக்கிய தொழுவுரமோ ஒன்று. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளி வராதீர்கள். காட்டில் பருத்தி விளைவிக்கிற அருமையான மண்தான். ஆனால் தொட்டிக்குள் நனைந்தால் களியாகும், காய்ந்தால் ஓரம் விட்டு விலகும். ஊற்றுகிற தண்ணீர் வேரைத் தொடாமல் அந்த இடுக்கு வழியே ஓடிவிடும். செம்மண் என்று சொல்லித் தந்தாலும் ஒரு கைப்பிடியை நனைத்து உருட்டிப் பாருங்கள். விரலால் தட்டினால் உதிர வேண்டும். முறுக்கு மாவுபோல நீளமாகத் திரிக்க வந்தால் களி அதிகம், வேண்டாம்.

கோகோபீட்டில் உப்பு இருக்கலாம். கழுவியது என்று அட்டையில் போட்டிருந்தாலும் ஊறவைத்துப் பிழிந்து, அந்தப் பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் இரண்டு தடவை அலசுங்கள். முதல் வருடம் நான் அலசாமல் போட்டு, பத்தே நாளில் தக்காளி இலை ஓரமெல்லாம் கருகி நின்றதைப் பார்த்தவன். அன்றிலிருந்து இதைச் சொல்லாமல் யாரையும் விடுவதில்லை.

ஜல்லி வேண்டாம். பொடி மண்ணில் இருக்கும் நீர் அடியிலுள்ள பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது, மண்ணிலேயே தேங்கும். ஜல்லி போட்டால் அந்தச் சொதசொதப்பு வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளைமேல் ஒரு ஓட்டுச்சில்லோ கொஞ்சம் தேங்காய் நாரோ வைத்தால் சரி.

நிரப்புவதற்கு முன்பே பையை அதன் இடத்தில், இரண்டு செங்கல்மேல் வைத்துவிடுங்கள். ஈரத்தோடு 20 கிலோவை நெருங்கும், அப்புறம் நகர்த்தினால் அடி கிழியும். வெயில் தாழ்ந்ததும் நடுங்கள். நாற்றின் கவரை முழுதாகக் கிழித்து எடுத்துவிட வேண்டும். தக்காளியைத் தண்டோடு சற்று ஆழமாகவும், கத்திரி, மிளகாயைக் கவரில் இருந்த அதே மட்டத்திலும் வையுங்கள். அடித்துளையில் சொட்டும்வரை தண்ணீர் ஊற்றி, மேலே காய்ந்த சருகைப் பரப்பிவிடுங்கள். நான்கைந்து நாள் நிழல் வேண்டும்.

கேள்வி: மண்தொட்டி நல்லதா, பையா?

பதில்: வேர் குளிர்ச்சியாக இருக்க மண்தொட்டிதான். ஆனால் சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும், இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். மானாமதுரைப் பக்கம் போனால் தொட்டியைச் சுண்டிப் பார்த்து வாங்குங்கள். கணீர் என்றால் நன்றாக வெந்தது, மொத்தென்றால் கீறல் இருக்கும். பையென்றால் யு.வி. (வெயிலின் புற ஊதாக் கதிர்) தாங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பை நம்மூர் வெயிலில் சீக்கிரமே பொடிந்துவிடும்.

கேள்வி: கடையில் வாங்கிய வெண்டை விதை ஒன்றுகூட முளைக்கவில்லை. பணம் திரும்பக் கேட்கலாமா?

பதில்: தாராளமாக. பாக்கெட்டில் முளைப்புத்திறன் சதவீதமும் காலாவதித் தேதியும் இருக்கும், அதைப் பாருங்கள். மீதி விதை இருந்தால் பத்தை ஈரத்துணியில் சுற்றி ஒரு வாரம் வைத்து, முளைத்ததை எண்ணிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கெட், பில், படம் மூன்றையும் கடையில் காட்டுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பில் இல்லாமல் போனால் பேச்சு எடுபடாது, அடுத்த முறை பத்து ரூபாய் விதைக்கும் கேட்டு வாங்குங்கள்.