எல்எல்ஆர் முடிந்து 17 நாள்: ஸ்டியரிங்கில் இருந்தது யார்?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறேன். எனக்கு எட்டு மாதம் முடியப்போகிறது. கணவருக்கு பனியன் கம்பெனியில் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். பிரசவ நேரத்தில் யாரையும் எதிர்பார்க்கக் கூடாது என்றுதான் இரண்டாம் மாதமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். பிப்ரவரி 3 அன்று எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) கிடைத்தது. மே மாதம் கார் டெஸ்ட்டுக்குப் போனபோது பிரேக் இன்ஸ்பெக்டர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "பிரசவம் முடிஞ்சு வாம்மா" என்று எல்லார் முன்னாலும் சொல்லித் திருப்பி அனுப்பினார். ஸ்கூல்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார். இன்னும் 4,000 கொடுத்தால் டெஸ்ட் இல்லாமலே லைசென்ஸ் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மாமியார் முதல் நாளிலிருந்தே "புள்ளத்தாச்சிக்கு எதுக்கு வண்டி" என்று பேசிக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் 19 அன்று ஸ்கேனுக்கு நானே காரை எடுத்தேன், மாமியார் பக்கத்து சீட்டில். சிக்னலில் லேசாகத் தலை சுற்றியது. பிரேக் பிடிப்பதற்குள் முன்னால் நின்ற பைக்கில் இடித்துவிட்டேன். பைக்கில் இருந்தவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிச் செலவு, வண்டி ரிப்பேர், வேலைக்குப் போகாத நாட்கள் எல்லாம் சேர்த்து 60,000 கேட்கிறார். போலீஸில் இன்னும் யாரும் புகார் கொடுக்கவில்லை. கார் கணவர் பெயரில்; முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. "நான்தான் ஓட்டினேன்னு ஸ்டேஷன்ல சொல்லிடறேன், இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்" என்கிறார் கணவர். அந்த இன்ஸ்பெக்டர் அன்றே டெஸ்ட் எடுத்திருந்தால் என்னிடம் லைசென்ஸ் இருந்திருக்கும். அவர்மீதும் ஸ்கூல்மீதும் வழக்குப் போடலாமா மேடம்?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி இன்ஸ்பெக்டரும் மாமியாரும்தான். சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு தேதி. எல்எல்ஆர் ஆறு மாதம்தான் செல்லும். பிப்ரவரி 3-இல் வாங்கியது ஆகஸ்ட் 2 அன்றே முடிந்துவிட்டது. நீங்கள் இடித்தது 19-ஆம் தேதி. அன்று நீங்கள் லைசென்ஸ் இல்லாமல் கார் ஓட்டியவர். கர்ப்பிணி என்பது இதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

இன்ஸ்பெக்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் கர்ப்பம் ஒரு தகுதியின்மை அல்ல. வயிற்றைப் பார்த்துத் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் கிடையாது. அன்றைக்கே "மறுப்பதை எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால் கையில் ஏதாவது இருந்திருக்கும். வாயால் சொன்னதை வைத்து உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டால், அது விசாரணைக்கு வரும்போது உங்கள் குழந்தை தவழ்ந்துகொண்டிருக்கும். 'அன்று டெஸ்ட் எடுத்திருந்தால்' என்ற வாதத்தை எந்த நீதிமன்றமும் காது கொடுத்துக் கேட்காது. எடுத்திருந்தால் ஃபெயிலும் ஆகியிருக்கலாமே! ஒன்று மட்டும் பாருங்கள்: லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கிற 'சாரதி' இணையதளத்தில் அந்த நாள் உங்கள் பெயருக்கு நேராக 'வரவில்லை' என்று இருக்கிறதா, 'தோல்வி' என்று இருக்கிறதா? தோல்வி மூன்று சேர்ந்தால் அடுத்த டெஸ்ட்டுக்கு 60 நாள் காத்திருக்க வேண்டும். அதற்காகவாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் ஃபீஸுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கட்டணமும் இல்லை. இப்போது அதற்கு நேரம் செலவிடாதீர்கள். ஆனால் அந்த 4,000 ரூபாய் யோசனை வேண்டவே வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான், ஏழு வருடம் வரை தண்டனை உண்டு. அது போக, விபத்துக்குப் பிந்தைய தேதியில் வாங்குகிற லைசென்ஸ் இந்த விபத்துக்கு எந்த வகையிலும் உதவாது.

இனி முக்கியமானது. சிலர் என்னிடம் வந்து "மேடம், எல்எல்ஆரை உடனே புதுப்பித்துவிட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்பார்கள். ஆகாது. உங்கள் எல்எல்ஆர் அன்று உயிரோடு இருந்திருந்தாலும் நீங்கள் தப்பியிருக்க மாட்டீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 3-ஆம் விதி என்ன சொல்கிறது? எல்எல்ஆர் வைத்திருப்பவர் பக்கத்தில், அந்த வகை வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் சிவப்பில் 'எல்' ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் மாமியாருக்கு கார் லைசென்ஸ் இருக்கிறதா? கடிதத்தின் தொனியைப் பார்த்தால் இல்லை என்றே நினைக்கிறேன்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தின் பின்பக்கத்தில் 'ஓட்டுநர்' என்று ஒரு பத்தி இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை. செல்லத்தக்க லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம். செல்லத்தக்க எல்எல்ஆர் உள்ளவர், அந்த 3-ஆம் விதிப்படி ஓட்டினால் ஓட்டலாம். இரண்டிலும் நீங்கள் இல்லை. ஆகவே உங்கள் கார் பம்பருக்கு, ஹெட்லைட்டுக்கு ஒரு பைசா வராது. பைக்காரருக்கு வருமா? 2004-இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. எல்எல்ஆரும் லைசென்ஸ்தான், அதன் நிபந்தனைப்படி ஓட்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைக் காட்டி மூன்றாம் நபரை, அதாவது அடிபட்ட வெளியாளைக் கைவிட முடியாது. அப்படி இல்லாத இடத்தில், கம்பெனி அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள உத்தரவிடலாம். எங்கள் பாஷையில் 'பே அண்ட் ரெகவர்'. 'இன்ஷூரன்ஸ் பாத்துக்கும்' என்று உங்கள் கணவர் சொல்வதற்கு முழு அர்த்தம் இதுதான்: இன்று கம்பெனி பார்க்கும், இரண்டு மூன்று வருடம் கழித்து வட்டியோடு கணவரின் சம்பளத்தையும் காரையும் தேடி வரும். கார் அவர் பெயரில் இருப்பதால் அவருக்குத் தனியாக ஒரு பிரிவும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவரை ஓட்டவிட்ட உரிமையாளர் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 180. ஓட்டிய உங்களுக்கு 181. இரண்டுக்கும் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் அபராதத்தோடு முடிவதே வழக்கம்.

இப்போது உங்கள் கணவரின் திட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் என் கட்சிக்காரர்கள் விழுந்து எழ முடியாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆளை மாற்றிக் காட்டுவது. மகன் ஓட்டியதை அப்பா ஏற்பது, மனைவி ஓட்டியதைக் கணவர் ஏற்பது. பாசத்தில் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் இது எங்கே உடைகிறது தெரியுமா? ஆஸ்பத்திரியில். அடிபட்டவரைக் கொண்டுபோனதும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் சொல்கிறோமே, அதுதான். 'கர்ப்பிணிப் பெண் ஓட்டிவந்த கார் மோதியதாகக் கூறுகிறார்' என்று ஒரு வரி அதில் ஏறியிருந்தால், அதற்கு அப்புறம் உங்கள் கணவர் ஸ்டேஷனில் என்ன சொன்னாலும் பொய். எட்டு மாத வயிற்றோடு காரிலிருந்து இறங்கியவரை சிக்னலில் நின்ற எத்தனை பேர் மறந்திருப்பார்கள்? அங்கே கேமரா இருக்கலாம். ஸ்கேன் சென்டரில் உங்கள் பெயருக்கு அந்த நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் இருக்கிறது. அதே நேரத்தில் கணவர் கம்பெனியில் பஞ்ச் அடித்திருப்பார். இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்புகிற இன்வெஸ்டிகேட்டருக்கு இது அரைநாள் வேலை.

அப்படி உடைந்தால் நடப்பது இது. 5,000 ரூபாய் அபராதத்தில் முடிய வேண்டிய விவகாரம், இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுத்தது என்ற 238-ஆம் பிரிவாக வளரும். கணவர் கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் 318, மோசடி. அதன் கனமான பகுதியில் ஏழு வருடம் வரை போகும். நீங்கள் பிள்ளை பெற்று வீட்டில் இருக்கும்போது, தப்பே செய்யாத ஒருவர் உங்களுக்காகக் கோர்ட் வாசலில் நிற்பார். இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் உங்கள் தரப்பு பேச்சுக்கு மதிப்பு போய்விடும். பைக்காரர் நடுவில் திரும்பினார் என்று உண்மையாகவே ஒரு வாதம் இருந்தாலும், பொய் சொல்லிப் பிடிபட்டவர் சொல்வதை யார் நம்புவார்கள்?

தலை சுற்றியது என்று எழுதியிருக்கிறீர்கள். அனுதாபத்துக்காகச் சொன்னது என்று புரிகிறது. ஆனால் எல்எல்ஆர் விண்ணப்பத்தில் படிவம் 1 என்று ஓர் உறுதிமொழி கொடுத்திருப்பீர்கள், ஆன்லைனில் டிக் அடித்துவிட்டு மறந்திருப்பீர்கள். எந்தக் காரணத்தினாலும் திடீர் மயக்கமோ தலைசுற்றலோ உண்டா என்பது அதன் முதல் கேள்வி. 'எந்தக் காரணத்தினாலும்' என்பதில் மசக்கைத் தலைசுற்றலும் அடங்கும். ஓட்டுவது ஆபத்து என்று தெரிந்தே உடல்நிலை சரியில்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 186-ஆம் பிரிவு. அபராதம் முதல் தடவை 1,000 ரூபாய்தான், ஆனால் கவனக்குறைவை நிரூபிக்க எதிர்த்தரப்புக்கு நீங்களே எழுதிக்கொடுத்த சாட்சியாகிவிடும். உங்களைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மன்னிப்புக் கடிதம், வாட்ஸ்அப் விளக்கம் என்று பைக்காரருக்கு எதையும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அழிக்காமல் வக்கீலிடம் காட்டுங்கள். பிரசவம் முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று அடி உங்கள் வயிற்றில் பட்டிருந்தால்? வேறொருவர் வந்து மோதி வயிற்றிலிருந்த குழந்தை இறந்த வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் இழப்பீடு கொடுத்திருக்கின்றன. தன் தவறால் தானே இடித்துக்கொண்ட ஓட்டுநர் மூன்றாம் நபர் ஆக மாட்டார். பாலிசியில் இருக்கும் 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளரே லைசென்ஸோடு ஓட்டும்போது அவருக்கு மட்டும். நீங்கள் உரிமையாளரும் இல்லை. உங்களுக்கோ குழந்தைக்கோ அந்த காரில் எந்தக் காப்பும் இருக்கவில்லை. சீட் பெல்ட் பற்றி நீங்கள் எழுதவில்லை. வயிற்றை அழுத்துகிறது என்று போடாமல் விடுகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன், விதியில் கர்ப்பிணிக்கென்று விலக்கு எழுதப்படவில்லை. கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல் போக வேண்டும். பின் சீட்டில் உட்கார்ந்து போகும்போதும் இப்படியே போடுங்கள்.

சரி, என்ன செய்வது? சமாதானமாகப் போங்கள். 60,000 அநியாயத் தொகை இல்லை. எலும்பு முறிவு, வருமான இழப்பு, வலிக்கு என்று தீர்ப்பாயம் கணக்குப் போட ஆரம்பித்தால் லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். கையில் ஓரளவு ஊனம் என்று மருத்துவச் சான்று வந்துவிட்டால் இன்னும் ஏறும். அது கடைசியில் உங்கள் கணவர் தலையில்தான் விழும். பத்து ஐந்து குறைத்துப் பேசிப் பாருங்கள், அதற்காகப் பேச்சை முறித்துவிடாதீர்கள்.

கொடுக்கிற முறையில்தான் கோட்டை விடுகிறார்கள். டீக்கடையில் வைத்து ரொக்கமாகக் கொடுத்து, வெள்ளைத்தாளில் 'இனி பிரச்சினை இல்லை' என்று எழுதி வாங்குவார்கள். நாலு மாதம் கழித்து எலும்பு சரியாகச் சேரவில்லை, பிளேட் வைக்கணும் என்று அவர் வருவார், கூடவே தீர்ப்பாய நோட்டீஸும் வரும். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது, அதனால் ஆறு மாதம் ஓடிவிட்டால் போதும் என்று எண்ண வேண்டாம். ஆஸ்பத்திரி பில்லை இப்போதே, ஆஸ்பத்திரி கணக்கிலேயே கட்டுங்கள். ரிப்பேர் செலவை பில்லைப் பார்த்து வங்கி வழியாகக் கொடுங்கள். மீதியை மாவுக்கட்டு பிரித்து, சிகிச்சை முடிந்தது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகு தருவதாக ஒப்பந்தம் போடுங்கள். இரண்டு பக்கமும் வக்கீல் இருக்கட்டும்.

போலீஸுக்குத் தெரியாமல் முடித்துவிடலாமா என்றால், காயம் பட்ட விபத்தை 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டியது ஓட்டியவரின் கடமை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. அந்த நேரம் தாண்டிவிட்டது. தாமதமானாலும் ஒரு வக்கீலை வைத்து, ஓட்டியது நீங்கள்தான் என்று எழுத்தில் தெரிவியுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அதே உண்மையை எழுதுங்கள், கிளெய்ம் கேட்காமல். எட்டு மாத வயிற்றோடு கைது செய்வார்களோ என்று பயப்பட வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவில் அலட்சியமாக ஓட்டியது 281, அதனால் கொடுங்காயம் 125. இரண்டுமே ஜாமீனில் விடக்கூடிய பிரிவுகள், ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைக்கும். எஃப்.ஐ.ஆர். பதிவாகிவிட்டால் நீங்கள் இருவரும் சமாதானமானதால் மட்டும் அது தானாக மறையாது. அதை முடிக்கும் வழியை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

லைசென்ஸ் பிரசவத்துக்குப் பிறகு. புது எல்எல்ஆர், மறுபடி முப்பது நாள் காத்திருப்பு, டெஸ்ட். பழக்கிவிட கணவரே போதும், அவருக்கு கார் லைசென்ஸ் இருந்தால். ஸ்கேனுக்கு இப்போதைக்கு ஆட்டோ.

நாளை வக்கீலைப் பார்க்கப் போகும்போது எல்எல்ஆர் நகல், பாலிசியின் எல்லாப் பக்கங்களும், ஆர்.சி. புத்தகம், பைக்காரரோடு பேசிய மெசேஜ்கள் இவற்றைக் கொண்டுபோங்கள். ஏ.ஆர். காப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் விசாரித்துச் சொல்லும்வரை நீங்கள் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் கணவரை ஸ்டேஷன் பக்கமே அனுப்பாதீர்கள்.