விசாவில் 2031, ஐ-94-ல் அக்டோபர்: எந்தத் தேதி செல்லும்?

கேள்வி: ஐயா, மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் ஏப்ரலில் நியூஜெர்சி போனோம். குழந்தை பிறந்ததும் ஜூலைக் கடைசியில் நான் மட்டும் நங்கநல்லூர் திரும்பிவிட்டேன். மகளுக்கு சிசேரியன். தையல் போட்ட இடத்தில் தொற்று ஏற்பட்டு மறுபடியும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. "அம்மா பொங்கல் வரைக்கும் இருக்கட்டும்" என்கிறாள். மனைவியின் விசா 2031 வரை செல்லும், அதனால் கவலையே வேண்டாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஆனால் பாஸ்போர்ட் முத்திரையில் அக்டோபர் 14 என்று எழுதியிருக்கிறது. ஐ-94 வருகைப் பதிவு இணையதளத்தில் தேடினால் மனைவி பெயரில் பதிவே இல்லை என்று வருகிறது. மனைவி தபால் துறையில் ஓய்வு பெற்றவர், நவம்பரில் ஆயுள் சான்றும் கொடுக்க வேண்டும். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், நங்கநல்லூர்)

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஜெமினி மேம்பாலம் அருகே உள்ள தூதரகத்தில் கிடைக்கும் பத்தாண்டு விசா, அமெரிக்க வாசல் வரை போய்க் கதவைத் தட்டுவதற்கான அனுமதி மட்டுமே. உள்ளே எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விமான நிலையத்தில் இருக்கும் அதிகாரி தீர்மானிக்கிறார். அந்தத் தேதி பதிவாகும் இடம்தான் ஐ-94. பி-2 என்ற பார்வையாளர் விசாவில் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள். உங்கள் மனைவிக்குச் செல்லுபடியாகும் தேதி அக்டோபர் 14தான், 2031 அல்ல.

பதிவு இல்லை என்று வருவதற்குக் காரணம் நம் ஊர்ப் பெயர்களாகத்தான் இருக்கும். பாஸ்போர்ட்டில் அவருக்குக் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் விசா ஸ்டிக்கரில் அவர் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போயிருக்கும், முதல் பெயர் இடத்தில் எஃப், என், யூ என்று மூன்று எழுத்து இருக்கும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் குறியீடு அது. ஐ-94 தளத்திலும் அதே வரிசையில் போட்டுத் தேடச் சொல்லுங்கள், கிடைத்துவிடும். கிடைத்ததும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைக்கட்டும். முத்திரையில் உள்ள தேதியும் அதில் உள்ள தேதியும் ஒன்றுதானா என்று பார்ப்பதும் முக்கியம். இரண்டும் வேறாக இருந்தால் இப்போதே திருத்தக் கேட்க வேண்டும், அக்டோபரில் அல்ல.

சரி, நீட்டிக்க முடியுமா? முடியும். ஐ-539 என்ற படிவத்தை அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறைக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பிப்பவர் அமெரிக்காவுக்குள் இருக்க வேண்டும், ஆகவே நீங்கள் இங்கிருந்து போட முடியாது. அக்டோபர் 14-க்குள் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம், 45 நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள் என்பது அந்தத் துறையே சொல்லும் யோசனை. உங்களுக்கு ஏழு வாரம் இருக்கிறது என்றால், அடுத்த சில நாட்களில் வேலையை முடித்தாக வேண்டும். 2024 ஏப்ரல் முதல் கட்டணம் இணையவழியில் 420 டாலர், காகிதத்தில் 470 டாலர். கட்டும் அன்று தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மகள் உதவியோடு கணக்குத் தொடங்கி உங்கள் மனைவியே நிரப்பலாம். இதற்கென்று தனியாகப் பணம் வாங்கும் ஏஜென்ட் தேவையில்லை. கூடுதல் கட்டணம் கட்டிச் சீக்கிரம் முடிவு வாங்கும் வசதி பி-2 நீட்டிப்புக்குக் கிடையாது என்பதால், "சீக்கிரம் முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் சந்தேகப்படுங்கள்.

படிவத்தைவிட இணைக்கும் கடிதம்தான் முக்கியம். அதில் அதிகாரி தேடுவது மூன்று விஷயம்: ஏன் கூடுதலாகத் தங்க வேண்டும், எந்தத் தேதியில் கிளம்புவார், அதுவரை செலவுக்கு என்ன வழி. "மகள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று நிறையப் பேர் அப்பாவித்தனமாக எழுதிவிடுகிறார்கள். படிக்கிற அதிகாரிக்கு, சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தில் பாட்டியை நிறுத்தியிருக்கிறார்கள் என்று தோன்றினால் காரியம் கெட்டது. அதற்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் உண்மையான காரணமே வலுவானது: மகளுக்கு அறுவைச் சிகிச்சை, பிறகு தொற்று, இரண்டாவது முறை மருத்துவமனை. மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்து, "என் மகள் குணமடையும் வரை அவளோடு இருக்க விரும்புகிறேன், ஜனவரி 10 அன்று சென்னை திரும்புகிறேன்" என்று நேரடியாக எழுதினால் போதும். தேதி சொல்லும்போது நாலைந்து நாள் கூட்டியே சொல்லுங்கள், குளிர்காலத்தில் அங்கே விமானம் ரத்தாவது சகஜம்.

இங்கிருந்து நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. அவர் திரும்பி வர வீடும் காரணமும் இருக்கிறது என்று காட்ட வேண்டும். மாநகராட்சிச் சொத்து வரி ரசீது, அவருடைய ஓய்வூதிய உத்தரவு, ஓய்வூதியம் வரவாகும் வங்கிக் கணக்கின் ஆறு மாத விவரம், எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள். செலவை மகள் ஏற்கிறாள் என்றால் அவளுடைய சம்பளச் சீட்டும் வரிக் கணக்கும். திரும்பும் டிக்கெட்டின் தேதியை மாற்றி அந்த நகலையும் சேர்க்கலாம். ஆனால் பல டிக்கெட்டுகள் ஓராண்டுக்கு மேல் செல்லாது, அதைக் கவனியுங்கள். பாஸ்போர்ட் ஜனவரி தாண்டியும் செல்லுபடியாக இருக்க வேண்டும். (நீங்களும் அங்கேயே இருந்திருந்தால் இருவரும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே கட்டணத்தில் முடித்திருக்கலாம். பரவாயில்லை.)

அடுத்து, பலரும் குழம்பும் இடம். போட்ட விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் பதிலே வராது. அக்டோபர் 14 கடந்துவிடும், கையில் ரசீது மட்டும் இருக்கும். பயப்பட வேண்டாம். கெடுவுக்குள் போட்டிருந்தால், முடிவு வரும் வரை அவர் இருப்பது சட்டவிரோதத் தங்கலாகக் கணக்கிடப்படாது. ஆனால் அவர் கேட்ட தேதி ஜனவரி 10 என்றால், முடிவு வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்குள் கிளம்பிவிட வேண்டும். முடிவு வரும் முன் கிளம்பினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், பணம் திரும்பாது, வேறு பாதகம் இல்லை. இடையில் நிராகரித்துவிட்டால் மறுநாளே கிளம்பத் தயாராக இருக்க வேண்டும். மறுநாளிலிருந்து சட்டவிரோதத் தங்கல் எண்ணப்படும், கையில் இருக்கும் விசாவும் ரத்தாகக் கூடும்.

ஒன்றுமே போடாமல் தங்கிவிட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் அதிகம் இருந்தாலும் அந்த 2031 விசா சட்டப்படி செல்லாததாகிவிடும், புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 180 நாளைத் தாண்டிவிட்டுக் கிளம்பினால் மூன்று ஆண்டு, ஓராண்டைத் தொட்டால் பத்து ஆண்டு அமெரிக்காவுக்குள் நுழையத் தடை.

என்னைக் கேட்டால், அவசியம் இருக்கிறது என்பதால் உங்கள் விஷயத்தில் நீட்டிக்கச் சொல்வேன். வெறுமே இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்று கேட்பவர்களிடம் வேண்டாம் என்பேன். அடுத்த முறை நுவார்க் விமான நிலையத்தில் இறங்கும்போது, "போன தடவை ஒன்பது மாதம் இருந்தீர்களே, இங்கேயே குடியிருக்கிறீர்களா?" என்ற கேள்வி வரும். எத்தனை மாதம் இடைவெளி விட வேண்டும் என்று சட்டத்தில் எண் எதுவும் கிடையாது, "வருஷத்துக்கு ஒருமுறைதான் போகலாம்" என்பதெல்லாம் கட்டுக்கதை. ஆனால் இங்கே இருக்கும் காலம் அங்கே இருக்கும் காலத்தைவிடக் கூடுதலாக இருப்பது நல்லது. நீட்டிப்பு ரசீது, போர்டிங் பாஸ், மீனம்பாக்கத்தில் போடும் வருகை முத்திரை மூன்றையும் பத்திரமாக வையுங்கள், அடுத்த பயணத்தில் தேவைப்படும்.

வரி விஷயம் ஒன்று இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு காலண்டர் ஆண்டில் 183 நாளோ அதற்கு மேலோ அங்கே இருந்தால் அமெரிக்க வரிச் சட்டம் அவரை அங்கே வசிப்பவராகக் கருதக்கூடும். இரு நாட்டுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது, இருந்தாலும் அமெரிக்கக் கணக்கு தெரிந்த ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீடு அக்டோபரில் முடிகிறது என்றால் முடியும் முன்பே நீட்டியுங்கள், முடிந்த பிறகு பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பழைய நோய்களுக்கு இந்த வகைக் காப்பீடு அநேகமாகக் கை கொடுக்காது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை எத்தனை நாளுக்கு இருக்கிறது என்று இன்றைக்கே எண்ணச் சொல்லுங்கள். தீர்ந்தால் அங்குள்ள மருத்துவரிடம் சீட்டு வாங்குவதுதான் ஒழுங்கான வழி.

ஆயுள் சான்றுக்காக அவர் ஓடி வர வேண்டாம். நியூஜெர்சிக்கு நியூயார்க்கில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம்தான். நவம்பரில் பாஸ்போர்ட்டோடும் ஓய்வூதிய எண்ணோடும் போனால் அங்கே சான்று தருவார்கள். போகும் முன் முன்பதிவு உண்டா என்று பார்த்துக்கொள்ளட்டும். வாங்கிய சான்றை ஓய்வூதியம் வழங்கும் இடத்தில் நீங்கள் சேர்க்கலாம். முடியாமல் போய் டிசம்பர் ஓய்வூதியம் நின்றாலும், ஜனவரியில் வந்து சான்று கொடுத்ததும் நிலுவையோடு வந்துவிடும்.