தேவகோட்டைப் பள்ளியில் பேச அனுமதி கிடைக்காதவருக்கு

கருக்கலைப்புக்கு எதிராகப் பேச அனுமதி கேட்டுத் தலைமையாசிரியைக்குக் கொடுத்த கடிதத்தோடு வைத்த படங்களை எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள். காலைப் பிரேயரில் பேச வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இருபது நிமிடம் கேளுங்கள்.

"கருவிலிருக்கும் உயிரைக் காப்போம் என்றுதானே எழுதினேன், தலைமையாசிரியை ஏன் மறுத்தார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கருக்கலைப்புப் படங்கள்தான் காரணமாக இருக்கும். காரைக்குடியில் நானும் அப்படிப் படம் காட்டினேன். பின்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். யாரைக் காப்பாற்ற வந்தோமோ அவரையே குத்திவிட்டேன்.

கூட்டத்தில் கொடுக்கப்போகும் நோட்டீஸை உங்கள் வீட்டு ஆச்சியிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் முகம் சுளிக்கும் வரியை அடித்துவிடுங்கள்.

அப்புறம், வழி சொல்லுங்கள். வளர்க்க முடியாத தாய், அரசின் குழந்தைகள் நலக் குழுவிடம் பிள்ளையை ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு. உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண். பிள்ளை கூட்டுவது, அதாவது தத்தெடுப்பது, நம் செட்டிநாட்டுக்குப் புதிதா என்ன? கருவில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது 1994 சட்டப்படி குற்றம் என்பதையும் சேருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: கருக்கலைப்பே சட்டவிரோதம் என்று சொல்லிவிடாதீர்கள். 1971 சட்டம் நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கிறது. கூட்டம் முடிந்து யாராவது தனியாக வந்து பேசினால் பெயர், ஊர் கேட்காதீர்கள்.