கல்லாவை விட்டு எழக்கூடாது

வணக்கம் சார்,

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பி.காம். படித்தவன். ஆறு மாதமாக இரவில் பைத்தான் என்ற நிரல் மொழி கற்கிறேன். கொலுசு செய்பவர்களிடம் கொடுத்த வெள்ளி, திரும்பி வந்த கொலுசின் எடை, சேதாரம், கூலி எல்லாவற்றுக்கும் ஒரு நிரல் எழுதினேன். கறுப்புத் திரையில் நன்றாக ஓடுகிறது. முதலாளி பார்த்துவிட்டு, “பேங்க்ல இருக்கிற மாதிரி கட்டம், பட்டன் எல்லாம் வராதா தம்பி?” என்று கேட்டார். பைத்தானில் ஜன்னல், பட்டன் எல்லாம் வைக்க உதவும் டிகின்டரில் இறங்கினேன். ஒரு மாதமாகத் தலை சுற்றுகிறது. சேமிக்கும் பட்டன், அமுக்காமலேயே வேலை செய்துவிடுகிறது. அமுக்கினால் ஒன்றும் நடப்பதில்லை. கடிகாரம் ஓடுவதற்கு வைத்த இன்னொரு பட்டனை அமுக்கினால் ஜன்னலே உறைந்து ‘நாட் ரெஸ்பான்டிங்’ என்கிறது. டெஸ்க்டாப் எல்லாம் பழைய கதை, வெப் கற்றுக்கொள் என்கிறான் நண்பன். என்ன செய்யட்டும்? பட்டன்களில் தமிழ் வருமா?

ச., சேலம்

அன்புள்ள ச.,

உங்கள் கறுப்புத் திரை நிரலில் நீங்கள்தான் முதலாளி. பெயரைக் கேட்கிறீர்கள், எடையைக் கேட்கிறீர்கள், கூலியைச் சொல்கிறீர்கள். எதிரே இருப்பவர் உங்கள் வரிசைப்படிதான் பதில் சொல்ல வேண்டும். ஜன்னல் வைத்த நிரலில் இது தலைகீழாகிவிடும். அவர் எடையை முதலில் அடிப்பார், பெயரைப் பிறகு அடிப்பார், பாதியில் டீ குடிக்கப் போவார். நிரல் எதற்கும் அவசரப்படாமல் கல்லாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். வந்தவர் கேட்டதைக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் வரும் வரை சும்மா இருக்க வேண்டும். உங்கள் நிரலின் கடைசி வரியில் மெயின்லூப் என்று ஒன்று எழுதுகிறீர்கள் அல்லவா, அந்தக் கல்லா அதுதான்.

நான் கற்றுக்கொண்டது விஷுவல் பேசிக் 6-ல். 1998-ல் வந்தது. அதில் பட்டனைப் படமாக வரைந்து அதன்மேல் இரண்டு முறை தட்டினால், நிரல் எழுதும் இடம் தானாகத் திறக்கும். கல்லா ஒன்று இருப்பதே எங்கள் கண்ணில் பட்டதில்லை. அந்த வகையில் உங்களுக்குக் கஷ்டம் கூட, புரிதலும் கூட. டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிகே, அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் அவுஸ்டர்ஹவுட் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கியது. தோற்றம் கொஞ்சம் பழசுதான். ஆனால் விண்டோஸில் பைத்தானோடு கூடவே வந்துவிடுகிறது, தனியாக எதையும் தேட வேண்டாம். ஆரம்பத்துக்கு அது போதும்.

சரி, உங்கள் பட்டன். கமாண்ட் என்ற இடத்தில், சேமிக்கும் ஃபங்ஷனின் (ஒரு வேலைக்கென்று பெயர் வைத்து எழுதிய நிரல் துண்டின்) பெயரை அடைப்புக்குறியோடு எழுதியிருப்பீர்கள். ஒருவர் உங்கள் முதலாளியின் போன் நம்பரை எழுதித் தரச் சொல்கிறார். நீங்களோ அங்கேயே முதலாளிக்குப் போன் போட்டுப் பேசி முடித்துவிட்டு, அவரிடம் வெற்றுத் தாளை நீட்டுகிறீர்கள். அடைப்புக்குறி போட்டால் நடப்பது அதுதான். ஜன்னல் உருவாகும்போதே வேலை முடிந்துவிடும், பட்டனிடம் ஒன்றும் இருக்காது. பெயரை மட்டும் கொடுங்கள், அடைப்புக்குறி வேண்டாம்.

கடிகாரம் விஷயமும் கல்லா விஷயம்தான். திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள், நிரலைச் சற்று நேரம் நிறுத்தி வைக்கும் ஸ்லீப்பைப் போட்டுவிட்டால் கல்லாக்காரர் எழுந்து போய்க் கடிகாரத்தையே முறைத்துக்கொண்டு நிற்கிறார். வாசலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதைத்தான் விண்டோஸ் ‘நாட் ரெஸ்பான்டிங்’ என்கிறது. லூப்பை எடுத்துவிடுங்கள். ஆஃப்டர் என்று ஒன்று இருக்கிறது. ‘1000 மில்லிசெகண்ட் கழித்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு’ என்று சீட்டு எழுதி வைக்கும் ஏற்பாடு. அந்த ஃபங்ஷன் நேரத்தை மாற்றி எழுதிவிட்டு, போகும்போது தன் பேரில் அடுத்த சீட்டை வைத்துவிட்டுப் போகட்டும். (பட்டறைக்குள் கடிகாரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. சுவரில் ஒன்று இருக்குமே!)

கட்டங்களை அடுக்க கிரிட் போதும், பேரேடு மாதிரி வரிசையும் பத்தியும். ஒரே சட்டத்துக்குள் (ஃபிரேம்) கிரிட்டையும், ஒன்றையடுத்து ஒன்றாக அடுக்கும் பேக்கையும் கலக்காதீர்கள். எடையில் மட்டும் கவனம். கட்டத்திலிருந்து வருவது எண் அல்ல, எழுத்து. 250-ஐயும் 100-ஐயும் கூட்டினால் 250100 என்று காட்டும். அதை எண்ணாக மாற்றும்போது தசமத்தை நம்பாதீர்கள். பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டிப் பாருங்கள், கடைசியில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு வரும். வெள்ளிக் கணக்கில் அந்த வால் வேண்டாம். எடையை மில்லிகிராமாக முழு எண்ணில் வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் கிராமாக்குங்கள்.

இதெல்லாம் ஒரு வாரத்தில் சரியாகிவிடும். எனக்குச் சரியாகாமல் போனது வேறு. 2001-ல் என் மாமா ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழம் பறிக்கிற நாளில் சாயங்காலம் ஒவ்வொருவர் மூட்டையையும் நிறுத்துக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நான் பெரிய ஆள் மாதிரி ஒரு நிரல் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னல் பச்சை நிறம், மூலையில் காப்பிச் செடி படம். சேமிக்கும் பட்டனை அமுக்கினால் பதிவாகிவிடும். பதிவானதற்கு அடையாளம் ஒன்றும் தெரியாது. அந்தக் குளிரில், வெளியே கங்காணி அடுத்த பெயரைக் கூவிக்கொண்டிருக்க, தோட்டத்து ரைட்டர் ‘ஏறுச்சா இல்லையா’ என்று இன்னொரு முறை அமுக்கியிருக்கிறார். வாரக் கடைசியில் கூலி கொடுத்த பிறகுதான், பல்ப்பருக்கு (பழத்தின் தோலை உரிக்கும் இயந்திரத்துக்கு) போன பழத்தைவிடப் பறித்ததாகப் பதிவான பழம் அதிகம் என்று தெரிந்தது. “மாப்ள, உன் மெஷின் செடியில இல்லாத பழத்தையும் பறிச்சிருச்சே” என்றார் மாமா. கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். எனக்கு மலையிறங்கும் வரை பேச்சு வரவில்லை, இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்.

அப்புறம் திருத்தினேன். சேமித்தவுடன் கட்டங்கள் காலியாகும், கர்சர் பெயர்க் கட்டத்துக்குத் திரும்பும், கடைசியாக ஏறிய வரி கீழே தெரியும். ரைட்டரின் இடது கையில் எப்போதும் சீட்டுக் கட்டு இருந்ததால் மௌஸை மறந்துவிட்டு என்டர் விசையிலேயே எல்லாம் நடக்கும்படி செய்தேன். காப்பிச் செடி படத்தை எடுத்துவிட்டு அந்த மூலையில் அன்றைய மொத்தக் கிலோவை வைத்தேன். உங்கள் ஜன்னலிலும் அப்படி ஒரு மூலை வேண்டும். கொடுத்த வெள்ளி ஒரு பக்கம், வந்த கொலுசும் மிச்சமும் சேதாரமும் மறுபக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அன்று சாயங்காலமே தெரிந்துவிட வேண்டும்.

கறுப்புத் திரை நிரலைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் கேட்பதும் காட்டுவதும் ஒரு பக்கம், கணக்குப் போடுவது ஒரு பக்கம் என்று பிரியுங்கள். கணக்குப் பகுதிக்கு ஜன்னல் என்று ஒன்று இருப்பதே தெரியக்கூடாது. அதை அப்படியே புது ஜன்னலுக்குப் பின்னால் வைத்துவிடலாம். பதிவுகளை வைக்க எஸ்க்யூலைட் என்ற சின்னத் தரவுத்தளம் பைத்தானிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரே ஒரு கோப்புதான். தினமும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. முதலாளி வீட்டிலிருந்தே போனில் கணக்குப் பார்க்க ஆசைப்பட்டால் வெப் பக்கம் போகத்தான் வேண்டும். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு கணக்கர் என்றால் அதற்கு எதற்கு சர்வரும் மாத வாடகையும்? பிறகு போனாலும் நஷ்டமில்லை. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டும் இதே மாதிரி கல்லாவில் உட்கார்ந்து காத்திருக்கிற ஆள்தான்.

தமிழ் தாராளமாக வரும். விண்டோஸில் நிர்மலா யுஐ எழுத்துரு இருக்கிறது, அதையே கொடுங்கள். ‘உள்ளீடு’, ‘சமர்ப்பி’ என்றெல்லாம் பட்டனில் எழுதி முதலாளியைப் பயமுறுத்தாதீர்கள். பட்டறை நோட்டில் இப்போது என்ன தலைப்பு போட்டிருக்கிறீர்கள்? ‘வெள்ளி கொடுத்தது’, ‘கொலுசு வந்தது’ என்றுதானே? அதையே போடுங்கள்.