கண் பரிசோதனை முகாமும் மாணவர்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஆப்டோமெட்ரி (பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்குப் பவர் கணிக்கும் படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தன்னார்வலர்களாக எங்களை இலவசக் கண் முகாம்களுக்கு அழைத்துப் போகிறார்கள். கூட்டம் அதிகம், அவசர அவசரமாகப் பார்த்து அனுப்புகிறோம். போன முகாமில் ஒரு பெரியவர், “கத்துக்கிறதுக்கு எங்க கண்ணுதான் கிடைச்சுதா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அதிலிருந்து மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நாங்கள் செய்வது சேவையா, பயிற்சியா?

– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

பெரியவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். இரண்டும்தான் என்று சொல்லி நழுவிவிடலாம். ஆனால் நீங்கள் தப்பு செய்தால் அதைப் பிடிக்கப் பின்னால் ஆள் இருக்கிறதா என்பதுதான் அவருடைய கேள்வி. கல்லூரியில் நீங்கள் எழுதும் பவரை ஆசிரியர் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார் அல்லவா? கூட்டத்தைச் சாக்கிட்டு அந்தக் கையெழுத்து முகாமில் மட்டும் காணாமல் போனால் அதற்கு எந்த நல்ல பெயரும் வைக்க முடியாது. மேற்பார்வைக்கு எத்தனை பேர் வருகிறார்களோ அதற்குத் தக்கபடி டோக்கன் கொடுக்கச் சொல்லுங்கள். மீதிப் பேருக்கு இன்னொரு நாள்.

சரி, அங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஏராளம். கருவிகள் குறைவாக இருப்பதே பெரிய லாபம். கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பவரைக் கணிக்கும் ரெட்டினோஸ்கோப் கையில் படிவது அங்கேதான். அப்புறம் பின்ஹோல், அதாவது ஊசித்துளை போட்ட மறைப்பு. பார்வை அட்டையில் 6/24 வரியோடு (நல்ல கண் 24 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிகிறது என்று அர்த்தம்) நின்றுவிட்டவர் அந்தச் சின்னத் துளை வழியாக 6/9 வரை படித்தால் பெரும்பாலும் கண்ணாடியே போதும். துளை வைத்தும் தேறவில்லை என்றால் புரையா, விழித்திரையா என்று பார்க்க வேண்டியவர் அவர். லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள்.

பள்ளிக்கூட முகாம் வேறு கதை. முன்னால் நிற்பவன் உரக்கப் படிப்பதைக் கேட்டே பின்னால் வரும் பிள்ளைகள் அட்டையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். கண்ணை மூடிய கையின் விரலிடுக்கு வழியாகவும் பார்ப்பார்கள், கெட்டிக்காரர்கள்! வரிசையைத் தள்ளி நிறுத்துங்கள், எழுத்துகளைத் தாறுமாறாகக் கேளுங்கள், கண்ணை மறைக்க அட்டை கொடுங்கள். தூரப்பார்வைக் குறை (ஹைப்பரோபியா, கிட்டத்தில் பார்க்கத்தான் அதிகம் சிரமம்) உள்ள பிள்ளைகள் கண்ணுக்குள்ளேயே குவியத்தை இழுத்துப் பிடித்து 6/6 படித்துவிடுவதும் உண்டு. சந்தேகம் வந்தால் அந்தப் பிடியைத் தளர்த்தும் சொட்டு மருந்து போட்டுப் பார்க்கும் இடத்துக்கு அனுப்புங்கள், அங்கேயே பவர் எழுதாதீர்கள்.

பெரியவர்களிடமும் 6/6 ஏமாற்றும். கண் அழுத்த நோய் பக்கப்பார்வையை அரித்துக்கொண்டிருக்கும்போதும் நடுப்பார்வை வெகுநாள் தாக்குப்பிடிக்கும். ஆகவே “உங்க கண்ணு நல்லா இருக்கு” என்று மட்டும் முகாமில் சொல்லிவிடாதீர்கள். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை என்று சொல்லி அனுப்புங்கள்.

வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுப்பதை மாணவர்கள் பலரும் இளப்பமாக நினைக்கிறார்கள். எனக்கு இது கொஞ்சமும் பிடிப்பதில்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தி, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் 20 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது. அது கூலியாக வீட்டுக்குப் போகும் விஷயம். வயதைக் கேட்டுக் கண்ணாடியை நீட்டாமல் என்ன வேலை, கை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கேளுங்கள். ஊசியில் நூல் கோர்ப்பவருக்கும் கணினி முன்னால் உட்காருபவருக்கும் ஒரே பவர் சரிப்படாது.

முகாம் அறிக்கைகளில் பரிசோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் இருக்கும். ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடிப் பாருங்கள், அநேகமாகக் கிடைக்காது. அந்தக் கணக்கை எடுக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்குங்கள். சீட்டு எழுதும்போதே ஃபோன் நம்பரும், கூட யார் வருவார்கள் என்பதும் குறித்துக்கொண்டு, இரண்டு வாரம் கழித்துக் கூப்பிடுங்கள். வண்டிச் செலவுக்குக் காசில்லை, துணைக்கு ஆளில்லை, ஆபரேஷன் என்றால் பயம் என்று பதில்கள் வரும். அவற்றை எழுதி உங்கள் பேராசிரியரிடம் கொடுங்கள். அடுத்த முகாமுக்கு வேன் ஏற்பாடு செய்ய அவருக்கு அது உதவும்.